கடல் அடைத்த நான்கு நாள்கள்



ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கிழக்குக் கரைக்குச் சென்றுவிட்டு மழையைக் குறைகூறுவது அறிவுடையார் செயலன்று. அதிலும் ஆண்டுதோறும் கரும்பலகையில் அம்புக்குறி வரைந்து, வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச்சு வரை வீசும் என்று மாணவர்க்கு விளக்குகின்ற ஓர் ஆசிரியன் அவ்வாறு செய்வது நகைப்புக்குரியது. எனினும் 2011 டிசம்பர் முதல் வாரத்தில் அத்தகைய நகைப்புக்கு நான் ஆளானேன். கடலோர விடுதி ஒன்றில் பாதி விலைக்கு அறை கிடைத்தது. ஏன் பாதி விலை என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இப்பயணம் உண்மையில் என் தாயாருக்காக ஏற்பாடு செய்யப்பட்டது. அம்மா நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1951ஆம் ஆண்டு, எட்டு வயதில், நாகைக் கரையிலிருந்து தோணியில் ஏற்றிச் செல்லப்பட்டு, நடுக்கடலில் நின்ற ரஜுலா கப்பலில் ஏறி மலாயா வந்தவர். பிறகு வாழ்ந்ததெல்லாம் மேற்குக் கரையின் இரப்பர்த் தோட்டங்களில்தான். அங்கே கதிரவன் கடலில் மறையும், கடலிலிருந்து எழாது. "கடல்லேருந்து சூரியன் வர்றதை ஊர்ல பார்த்தது. இன்னொரு தடவை பார்க்கணும்" என்று அறுபத்தெட்டு வயதில் ஒருநாள் கேட்டார். பிள்ளைகளிடம் எதையும் கேட்டுப் பழகாதவர் அவர். ஆகவேதான் மாராங்கில் அறை எடுத்தேன். எதிரே ஒரு சிறு தொலைவில் காப்பாஸ் தீவு. வெண்மணல் பரந்த தீவாதலால் பஞ்சைக் குறிக்கும் பெயர் பெற்றது என்பர். (மலாயில் 'காப்பாஸ்' என்றால் பருத்தி. வடமொழிக் 'கார்ப்பாசம்' அது.)

முதல் நாள் விடியவே இல்லை. இருள் சாம்பல் நிறமாயிற்று, அவ்வளவுதான். அலைகள் தென்னை வேர்வரை வந்து மோதின. படகுத்துறையில் படகுகள் யாவும் ஆற்றுக்குள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. அங்கே நின்ற முதிய மீனவரிடம் தீவுக்குப் போக இயலுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முசிம் துத்தோப் கோலா, சிக்கு" என்றார். ஆற்றுவாய் அடைக்கும் பருவம் என்பது பொருள். கோலா என்பது ஆறு கடலில் கலக்கும் இடம். பேரலைகள் எழும் இக்காலத்தில் அவ்வாயைக் கடந்து எந்தப் படகும் வெளியே செல்லாது; கடல் கதவை அடைத்துக்கொள்கிறது. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. தீவு கண்ணுக்கு எதிரேயே இருக்கின்றது, போக முடியாதா என்று அழத் தொடங்கினாள். துணைவியார் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அம்மா மட்டும் தாழ்வாரத்தில் அமர்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம ஊரு ஐப்பசி, கார்த்திகை மழை" என்றார். நான் அதைத் திருத்த முற்பட்டேன், பின்பு நிறுத்திக்கொண்டேன். அவர் சொன்னது சரி. ஆசியப் பெருநிலத்தின் குளிரிலிருந்து புறப்படும் வடகிழக்குக் காற்று, தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து திரங்கானுவிலும் கிளந்தானிலும் கொட்டுகிறது. அதே பருவத்தில் வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி நாகையிலும் கடலூரிலும் கொட்டுகிறது. இரு கடல்கள், ஒரே பருவம். அறுபதாண்டு கழித்து அம்மா தம் ஊர் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அது கெட்டுப்போன விடுமுறையாகத் தெரிந்தது.

விடுதியைப் பேணிவந்த மாக்சிக் பிற்பகலில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் துருவிய தேங்காயும் கொண்டுவந்து வைத்தார். மழைக்காலத்தில் இங்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கணவர் வலை பழுதுபார்ப்பார், தமக்கை வீட்டில் சொங்கெட் நெய்வார், கருவாடு இருக்கிறது என்றார். "வெயில் காலத்தில் எங்களுக்குப் பேச நேரமில்லை. நீங்கள் நல்ல சமயத்தில் வந்திருக்கிறீர்கள்" என்று சிரித்தார். அச்சிரிப்பில் ஒரு கேலி இருந்ததாக இன்றும் நினைக்கிறேன். ஆனால் அச்சொல் என்னை விட்டு நீங்கவில்லை.

காற்றுக்காகக் காத்திருத்தல் என்பது இப்பகுதியின் வரலாற்றில் ஒரு தடங்கலன்று. வரலாறே பெரும்பாலும் அதனால்தான் அமைந்தது. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் சீனத்திலிருந்து வருவோர் வடகிழக்குக் காற்றில் வந்தனர். தமிழகத்திலிருந்தும் குசராத்திலிருந்தும் வருவோர் தென்மேற்குக் காற்றில் வந்தனர். ஒருவர் வரும் காற்று மற்றவர் திரும்பும் காற்று. ஆகவே காற்று மாறும்வரை ஏதேனும் ஒரு துறையில் மாதக்கணக்கில் தங்கியே ஆக வேண்டும். தங்கியவர் உண்டனர், விற்றனர், மணந்தனர், மொழி கற்றனர். மலாக்காவில் நான்கு சபந்தர்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், வணிகக் கூட்டங்களுக்கு ஏற்ப அமர்த்தப்பட்டிருந்தார்கள் என்று படிக்கிறோமே, அத்தனை கூட்டத்தார் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்ததற்கு அங்காடி ஒரு காரணம் என்றால் காற்று மறு காரணம்.

இவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர் சீனத் துறவி இத்சிங். 671ஆம் ஆண்டின் இறுதியில், நாங்கள் மாராங்கில் நனைந்துகொண்டிருந்த அதே பருவத்தில், கன்டோனிலிருந்து ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார். இருபது நாளுக்குள் இத்தென்சீனக் கடலைக் கடந்து சிறீவிசயத்தை அடைந்தார். அவருடைய இலக்கு இந்தியா. ஆனால் சிறீவிசயத்தில் ஆறு மாதம் தங்கினார். அந்த ஆறு மாதத்தில் என்ன செய்தார் தெரியுமா? இலக்கணம் படித்தார்! வடமொழி இலக்கணத்தைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டு பிறகே மேற்கே சென்றார். பிற்காலத்தில் எழுதியபோது, இந்தியா செல்ல விரும்பும் சீனத் துறவிகள் முதலில் ஓரிரண்டு ஆண்டுகள் சிறீவிசயத்தில் தங்கிப் பயில்வது நல்லது என்று பரிந்துரைத்தார். வழித்தங்கலைப் பாடசாலையாக மாற்றிக்கொண்ட இம்மனிதரை என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. எனக்கு நானே சொல்லிக்கொள்ள அன்றுவரை தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலை மகிழுந்தில் கோலா திரங்கானுவுக்குப் புறப்பட்டோம். அரைமணி நேரப் பயணம்; கண்ணாடித் துடைப்பான் ஒரு நொடியும் ஓயவில்லை. ஆற்றங்கரையில் லோசோங் என்னும் இடத்தில் மாநில அருங்காட்சியகம் இருக்கின்றது. தூண்களின்மேல் உயர்த்திய பழைய திரங்கானு வீட்டின் வடிவத்தைப் பெரிதாக்கிக் கட்டிய மாளிகைகள் அவை. லோசோங் என்ற பெயரைக் கேட்டதும் உள்ளூர்க்காரர்களுக்கு அருங்காட்சியகம் நினைவுக்கு வராது. கெரோபோக் லேக்கோர்தான் வரும். மீனையும் சவ்வரிசி மாவையும் பிசைந்து உருட்டி அவித்துப் பொரிப்பது. மழையில் நின்றுகொண்டு ஆவி பறக்கும் லேக்கோரை மிளகாய்ச் சாற்றில் தோய்த்துத் தின்றவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மகள் அழுகையை அங்கேதான் நிறுத்தினாள்.

உள்ளே, 'பத்து பெர்சூராட்' எனப்படும் திரங்கானுக் கல்வெட்டு நின்றது.

பாடநூலில் தபால்தலை அளவில் பார்த்துப் பழகிய கல். நேரில் அது ஒரு சிறுவனின் மார்பளவு உயரம், ஏறத்தாழ 84 சென்டிமீட்டர். எடை 200 கிலோவுக்கும் மேல். மேற்பகுதி உடைந்து போயிற்று. நான்கு பக்கமும் சாவி எழுத்து, அதாவது அரபு எழுத்தில் எழுதிய மலாய். சாவியில் அமைந்த மலாய்க் கல்வெட்டுகளுள் இதுவே மிகப் பழையது என்பர். கடன் கொடுத்தவரும் பட்டவரும் நடந்துகொள்ள வேண்டிய முறை, ஒழுக்கம் தவறியோர்க்கும் பொய்ச்சான்று கூறுவோர்க்கும் உரிய தண்டனை என ஓர் ஆட்சியாளரின் சட்டங்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. காலத்தைக் குறித்த வரி சிதைவின் ஓரத்தில் முடிவதால் அறிஞர்களுக்குள் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. சையது முகமது நாகிப் அல்-அத்தாஸ் 1970இல் வெளியிட்ட தம் ஆய்வில் அதை இசுரி 702, கிறித்தவ ஆண்டு 1303 பிப்ரவரி 22, வெள்ளிக்கிழமை என்று வரையறுத்தார். மலாக்கா அரசு தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு! 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இக்கல் இடம்பெற்றது.

இக்கல் கண்டெடுக்கப்பட்ட கதையை அங்கே நின்று படித்தபோது எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது. 1887ஆம் ஆண்டு. கோலா பெராங்கில், தெர்சாட் ஆற்றங்கரையில், வெள்ளம் வடிந்த பிறகு சேற்றிலிருந்து தலைநீட்டியது இக்கல். ஊரார் அதன் எழுத்தை அறியாமல், சிறு தொழுகை இல்லத்தின் முன்னே கால் கழுவும் இடத்தில் படிக்கல்லாகப் போட்டிருந்தனர். ஈயம் தேடி வந்த சையது உசேன் பின் குலாம் அல்-புகாரி என்ற அரபு வணிகர் கண்ணில் அது பட்டது. பிறகு சுல்தானிடம் சேர்ந்து புத்திரிக் குன்றில் வைக்கப்பட்டது. ஆங்கில அதிகாரி பேட்டர்சனும் மொழியறிஞர் பிளாக்டனும் 1924இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரைகளால் உலகறிந்தது. சிங்கப்பூர் அருங்காட்சியகத்திலும் கோலாலம்பூரிலும் பல்லாண்டு இருந்துவிட்டு மீண்டும் தன் மண்ணுக்கு வந்தது. பருவமழையின் வெள்ளம் மூடியதைப் பருவமழையின் வெள்ளமே திறந்து காட்டியிருக்கின்றது. எங்களை அங்கே தள்ளியதும் அந்த மழைதான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இறைவனை இக்கல் 'தேவதா மூலியா ராயா' என்று குறிக்கிறது. சட்டத்தைத் 'தர்மா' என்கிறது. தண்டத் தொகையைத் 'தண்டா' என்கிறது. 'மந்திரி', 'மண்டலிகா' என்ற சொற்களும் வருகின்றன. பல ஆண்டுகளாக நான் வகுப்பறையில், "பார்த்தீர்களா, மலாய் மொழியின் முதல் சட்டக் கல்லிலேயே தமிழ்!" என்று முழங்கியிருக்கிறேன். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பிழை. அச்சொற்கள் வடமொழிச் சொற்கள். தமிழும் அவற்றைக் கடன் வாங்கியது, மலாயும் கடன் வாங்கியது. தமிழ்வழியாகத்தான் இவை மலாய்க்கு வந்தன என்று காட்ட என்னிடம் சான்று எதுவும் இல்லை. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில், இத்சிங்கின் காலத்திலேயே, சிறீவிசயத்தின் பழைய மலாய்க் கல்வெட்டுகள் இத்தகைய சொற்களால் நிறைந்திருந்தன. அவற்றில் நம் பக்கத்திலிருந்து சென்றது எழுத்து; காஞ்சியை ஆண்ட பல்லவர் பெயரால் அழைக்கப்படும் எழுத்து. பெருமைப்பட அது போதாதா? இல்லாததைச் சேர்ப்பானேன்?

உண்மையில் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்கள் வேறு. கப்பல் என்பது 'காப்பால்' ஆயிற்று. கடை 'கெடாய்' ஆயிற்று. முதல் 'மோடால்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', சுருட்டு 'செருத்து', மாம்பழம் 'மெம்பெலாம்'. இவற்றை அடுக்கிப் பாருங்கள். கோயில்மேடையின் சொற்களோ அரசவையின் சொற்களோ அல்ல இவை. சரக்கோடு வந்திறங்கி, கடை பரப்பி, கட்டில் போட்டுப் படுத்து, காற்று மாறக் காத்திருந்தவனின் சொற்கள். கல்லில் ஏறாதவை. ஆனால் இன்றும் திரங்கானுச் சந்தையில் ஒவ்வொரு வாயிலும் புழங்குகின்றவை.

இதையெல்லாம் நான் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். விளக்கப் பலகையில் இருந்ததை நான் படிக்கக் கேட்டுக்கொண்டு நின்றார். "தண்டான்னா நம்ம தெண்டமா? தெண்டம் கட்டுறதா?" என்றார். ஆம் என்றேன். "அப்ப அந்தக் காலத்துலயும் பொய் சொன்னா தெண்டம்தான்" என்று சொல்லிவிட்டு, தோட்டத்தில் அரைநாள் வராதவர்க்குக் கூலியைப் பிடித்துக்கொண்ட கங்காணி ஒருவரைப் பற்றி மகளிடம் சொல்லத் தொடங்கினார். அக்கதையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எழுநூறு ஆண்டுப் பழமையான கல்லின் முன்னால் என் மகள் கேட்டுக்கொண்டிருந்தது அறுபதாண்டுப் பழமையான எங்கள் வீட்டு வரலாற்றை. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆசிரியர்களுக்கு இது எளிதன்று.

மூன்றாம் நாள் டூயோங் தீவுக்குச் சென்றோம். தீவு என்றாலும் ஆற்றின் நடுவே இருப்பது; பாலத்தின் வழியே போகலாம்; கடல் அடைத்தாலும் அடையாதது. படகு கட்டும் கொட்டகைகளில் சிலவே அப்போது எஞ்சியிருந்தன. தகரக் கூரையில் மழை கொட்டும் ஓசைக்கு நடுவே ஒரு முதியவர் செங்கால் மரப் பலகையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். வரைபடம் எங்கே என்று கேட்டேன். தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். மேலை நாட்டு முறையில் முதலில் விலா எலும்புகளைப் போன்ற சட்டங்களை நிறுத்திப் பிறகு பலகையை அறைவர். இங்கே தலைகீழ், பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மர ஆணிகளால் பூட்டி உடலை அமைத்துவிட்டுப் பிறகே உட்சட்டங்களைப் பொருத்துகிறார்கள். இரண்டு பலகைகளுக்கிடையே கெலாம் மரத்தின் மெல்லிய பட்டையை வைக்கிறார்கள். நீர் பட்டதும் அது உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பாய்மரக் காலத்தில் இக்கொட்டகைகளில் உருவான பினாஸ், பெடார் என்னும் மரக்கலங்கள் இக்கடல் முழுதும் ஓடின. வெளியே ஓட முடியாத மாதங்களில் கலம் கரையேறும், பழுது நீங்கும். கடல் கதவடைப்பது கடலோடிகளுக்கு ஓய்வாக இருந்ததில்லை.

இக்கரையோரமாகச் சென்ற இன்னொருவரையும் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. முன்சி அப்துல்லா 1838இல் சிங்கப்பூரிலிருந்து பகாங், திரங்கானு வழியாகக் கிளந்தானுக்குக் கடிதம் சுமந்து சென்றார். அங்கு நடந்த உள்நாட்டுப் போரில் சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு சிக்கிக்கொண்டிருந்தது. ஏமனிலிருந்து நாகூர் வந்து மணம் முடித்த ஓர் அரபியரின் வழித்தோன்றல் அவர். மலாக்காவில் சிறுவனாக இருந்தபோது தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். கணக்குக்கும் வணிகத்துக்கும் அங்கே தமிழ் வேண்டியிருந்தது என்று அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். முன்சி என்றால் மொழியாசிரியர்; ஆக, நம் தொழில்காரர்! திரங்கானுவைப் பற்றி அவர் எழுதியவை கடுமையானவை. ஊர் அழுக்கு, ஆண்கள் சோம்பர் என்று கண்டித்துத் தள்ளினார். அவர் சிலவற்றை நேர்மையாகவே கண்டார் என்றாலும், ஆங்கிலேயரின் சிங்கப்பூரை அளவுகோலாகக் கையில் பிடித்துக்கொண்டு கண்டார் என்பது என் எண்ணம். வந்து போகின்றவன் ஓர் ஊரை அளப்பதில் உள்ள இடர் அது. நான்கு நாள் தங்கிய நானும் அதற்கு விலக்கல்லன்.

ஆகவே மழையை நான் புகழ்ந்து எழுதுவதையும் வாசகர்கள் சற்று ஐயத்தோடு படிக்க வேண்டும். 2014 டிசம்பரில் இதே பருவமழை கிளந்தானையும் திரங்கானுவையும் பகாங்கையும் மூழ்கடித்தது; தீபகற்பத்தில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். சேற்றில் எது மேலே வந்தது, எது உள்ளே போயிற்று என்று அவ்வாண்டு யாரும் வரலாறு பேசியிருக்க மாட்டார்கள். மாக்சிக்கின் கணவருக்கும் மூன்று மாதம் கடல் வருவாய் இல்லை. அவர் வலை பின்னுவதை என் மகள் ஆர்வத்தோடு படம் எடுத்தாள். அவர் மறுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

நான்காம் நாள் புறப்பட வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தபோது அம்மா ஏற்கெனவே தாழ்வாரத்தில் போர்வையோடு அமர்ந்திருந்தார். அருகில் மகள். மழை சற்று நின்றிருந்தது. இருவரும் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கறுப்பு சாம்பலாயிற்று, சாம்பல் வெளுத்தது. தீவின் விளிம்பு தெரிந்தது. கதிரவன் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொன்னேன். "அதனாலென்ன தம்பி, அந்த மேகத்துக்குப் பின்னாலதானே இருக்கு" என்றார் அம்மா. பிறகு மகளிடம் கப்பலில் வந்த கதையின் மீதியைத் தொடர்ந்தார். தோணி அலையில் எழும்பும்போது கப்பலின் ஏணியை எட்டிப் பிடிக்க வேண்டுமாம். பிடிக்கத் தவறிய ஒருவரின் தகரப் பெட்டி கடலில் விழுந்ததாம்.

"பாட்டி, பெட்டிதான் மலாய்ல பெத்தி" என்றாள் மகள்.

அடுத்த ஆண்டு மார்ச்சு விடுமுறையில் மீண்டும் மாராங்குக்குச் சென்றோம். இம்முறை கதிரவன் கடலிலிருந்து எழுந்தது. அம்மா கைகூப்பி நின்று பார்த்தார். துறையில் ஆற்றுவாய் திறந்திருந்தது, படகுகள் ஓடின. காப்பாஸ் தீவுக்குப் போகலாம் என்று மகளும் துணைவியாரும் கிளம்பினர். அம்மா வரவில்லை என்றார். படகில் ஏறி இறங்க இனி உடம்பு இடங்கொடுக்காது, நீ என்னை அந்தத் தெண்டக் கல்லுக்குக் கூட்டிப்போ, போனமுறை சரியாகப் பார்க்கவில்லை என்றார். நாங்கள் இருவரும் லோசோங்குக்குப் போனோம்.